அறுநூறுக்கு ஜோடி

எலாதியோ, ரொசெந்தோவுக்குத் தர வேண்டியிருந்தது அறுநூறு டாலர். அது ஐந்நூற்றைம்பதாகவோ அறுநூற்றுப் பத்தாகவோ இருந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. அறுநூறாக இருந்ததால்தான், போன வருஷம் ராஜாக்கள் திருநாளுக்கு முந்தின மதியம், லுசிலா வீட்டுக் கார்க் கொட்டகையில், ஊரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போது, அது 'சேறு' என்ற சொல்லுக்கு ஜோடியாகப் போய் நின்றுகொண்டது.

லுசிலா, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களுக்கு நேர்ந்துகொண்டவள். மகன் பட்டாளத்திலிருந்து உயிரோடு திரும்பினான் என்பதற்காக, தான் இருக்கும்வரை வருஷா வருஷம் அவர்களுக்குப் பாட்டு வைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தாள். முதலில் பூஜை மேஜை முன்னால் சாமிப் பாட்டு. அது முடிந்ததும் எலாதியோவும் ரொசெந்தோவும் எதிரெதிரே நின்று போட்டிப் பாட்டு. பத்து அடி. கடைசி அடியை வேறு யாராவது எழுதி லுசிலாவின் ஓலைத் தொப்பிக்குள் போட்டிருப்பார்கள். அவள் எடுத்துப் படித்த நொடியிலிருந்து மற்ற ஒன்பதையும் பாடுகிறவன்தான் கட்டி எழுப்பவேண்டும். ஆறாவது அடியும் ஏழாவது அடியும் அந்தக் கடைசி அடிக்கு ஜோடியாக, ஒரே ஓசையில் முடியவேண்டும். சுவர் என்றால் கீழ் வரிசையிலிருந்து மேலே போகலாம். இதில் மேல் வரிசையை யாரோ முதலிலேயே ஆகாயத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதுவரைக்கும் கல்லை ஏற்றிக்கொண்டு போகவேண்டும். 'வந்தான்', 'நின்றான்' என்று வினைக்கு வினை கட்டலாம், யாரும் அடிக்க மாட்டார்கள். ஆனால் அது கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சிமெண்டுக்குப் பதில் மண்ணை அப்புவது மாதிரி. கேட்கிறவன் உதட்டைப் பிதுக்குவான்.

போன வருஷம் தொப்பியிலிருந்து வந்த அடி, 'உழைத்தவன் கையில் சோறு'. முதலில் பாடிய எலாதியோ 'ஆறு' என்பதையும் 'ஏறு' என்பதையும் எடுத்துக்கொண்டான். ஒருவன் எடுத்த ஜோடியை இன்னொருவன் தொடக்கூடாது. ரொசெந்தோ தொடங்கினான். கொத்தனாரான எலாதியோ சேற்றில் நின்று கல் அடுக்குவதை வைத்துக் கேலியாக ஐந்து அடி போட்டான். ஆறாவது வந்தது. பிறகு வரவேண்டியதும் வந்துவிட்டது.

முழங்கால் வரைக்கும் சேறு,
முதுகில் என் பணம் அறுநூறு,
பாட்டுக்கு மட்டும் ராஜா,
பல்லைக் காட்டுவான் லேசா,
உழைத்தவன் கையில் சோறு!

கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. நன்றாக விழுந்த பாட்டு, அதை எலாதியோவே மறுக்கமாட்டான். அவனுடைய காலே ஒரு முறை தாளம் போட்டது. அப்புறம்தான் அவன் மினெர்வாவைப் பார்த்தான். அவன் மனைவி, கையில் கரண்டியோடு துவரஞ்சோற்றுச் சட்டிக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஊரில் சிரிக்காத முகம் அது ஒன்றுதான்.

எலாதியோவின் மேல் பல் வரிசையைச் சாரப் பலகை ஒன்று மோதிக் கொண்டுபோய் மூன்று வருஷம் ஆகிறது. பல் இல்லாதவன் சாப்பிடலாம், கல் வைக்கலாம், மனைவியோடு சண்டைகூடப் போடலாம். பாட முடியாது. சொல்லின் வால் காற்றாகப் போய்விடும். ஜோடி சேர்ந்தும் சேராமல் தொங்கும். பிய்ந்துபோன வீட்டுக் கூரையில் நீலத் தார்ப்பாய் இன்னும் மாறாமல் கிடக்கும்போது, பாடுவதற்காகப் பல் கட்டப்போகிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? அதனால் ரொசெந்தோவிடம் வாங்கினான். அவன் மகளுக்கு ரொசெந்தோ ஞானத்தகப்பன். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் 'கொம்பாய்' என்றுதான் கூப்பிடுவார்கள்; மினெர்வா ரொசெந்தோவுக்கு 'கொமாய்'. மினெர்வாவிடம், பல்லை அரசாங்கக் காப்பீட்டில் சும்மா கொடுத்தார்கள் என்று சொல்லியிருந்தான்.

மறுநாள் காலையிலேயே ரொசெந்தோ ஒரு வாழைத்தாரைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

"கொம்பாய், வேணும்னு பண்ணல. சேறுன்னு வாயை விட்டுட்டேன். ஆறும் ஏறும் நீ எடுத்துட்ட. நான் என்ன பண்ணுவேன், அது தானா வந்து நாக்குல குந்திக்கிச்சு."

உள்ளேயிருந்து மினெர்வா வந்தாள். "ஏன், 'கூறு' செத்துப் போச்சா? 'வேறு' இல்ல? 'பேறு' இல்ல? எனக்குப் பாடத் தெரியாது, மூணு சொல்லிட்டேன். முப்பது வருஷமாப் பாடுற உனக்கு, என் வீட்டுக் கடன்தான் கெடச்சுதா?"

ரொசெந்தோ வாழைத்தாரை வாசலில் இறக்கி வைத்தான். 'கூறு' நல்ல சொல் என்று அவன் முகத்தில் தெரிந்தது. நேற்று ஏன் தோன்றவில்லை என்ற எரிச்சலும் தெரிந்தது. அதுதான் எலாதியோவுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. மன்னிப்புக் கேட்க வந்த இடத்திலும் ஜோடி தேடுகிறான் பார். மினெர்வா கதவைச் சாத்தினாள். வாழைத்தார் வாசலிலேயே பழுத்து, கோழிகள் கொத்தித் தீர்த்தன.

அன்றைக்கே எலாதியோவின் பெயர் போய்விட்டது. லுசிலாவின் கடையில் ரொட்டி வாங்கப் போனால், "என்ன அறுநூறு, காப்பியா?" என்பார்கள். ரொட்டி வண்டிக்காரனுக்கு இந்த ஊரே இல்லை, அவனும், "நகருங்க அறுநூறு" என்றான். கெட்ட மனதோடு யாரும் சொல்லவில்லை. ஒரு வருஷம் கழிந்தால் எதற்காக வந்த பெயர் என்பதே பாதிப் பேருக்கு மறந்துபோகும். பெயர் மட்டும் அவன் கல்லறைச் சிலுவை வரைக்கும் கூட வரும்.

கடனைத் தீர்க்கும் பொறுப்பை மினெர்வா கையில் எடுத்துக்கொண்டாள். சனிக்கிழமைகளில் எலாதியோ கீழே டவுனில் ஒரு மதில் சுவர் வேலைக்குப் போனான். கூலி வந்ததும் அவள் வாங்கிக்கொள்வாள். கடையில் ரொசெந்தோவைப் பார்க்கும்போது, நாலு பேர் நிற்கும்போதே, மேஜைமேல் வைத்து, "எண்ணிக்கோ" என்பாள். அவன், "வேண்டாம் கொமாய், எதுக்கு அவசரம்" என்பான். "எண்ணிக்கோ." அவன் எண்ணுவான். ஆகஸ்ட் மழை இறங்குவதற்கு முன்பே எல்லாம் தீர்ந்தது. கடைசி நோட்டை வைத்த அன்று அவள் நேராக வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி எறிந்தாள்.

"கடையில தீர்ந்துச்சு. லுசிலா கொட்டகையில தீரல. அங்க பாடுனதை அங்கதான் இல்லைன்னு பாடணும். அவன் வாயால. அதே ஆளுங்க முன்னாடி. அதுவரைக்கும் என் சட்டியில அவனுக்கு ஒரு பருக்கை கெடையாது."

"அப்படிப் பாடுன்னு கேக்கக்கூடாது, மினெர்வா. அது வழக்கமில்ல."

"அப்ப நீ பாடு. பதிலுக்குப் பாடத்தானே பல்லு?"

அந்தச் சொல் அவனைப் பிடித்து ஆட்டியது. பதிலுக்குப் பாடு. சாந்து குழைக்கும்போது, மட்டம் பார்க்கும்போது, வண்டியின் பின்னால் மற்ற வேலையாட்களோடு குலுங்கிக்கொண்டு போகும்போது, தலைக்குள் சொற்கள் வால் வாலாக வந்து வரிசை கட்டின. அவன் நாற்பது வயதுக்கு மேல், மகளின் பள்ளிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்துக் கற்றவன். அதனாலோ என்னவோ, சொல் என்றால் அவனுக்கு முதலில் கேட்பது அதன் கடைசிதான். பொருள் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும். கேலி, தாலி, கூலி, வேலி. கயிறு, வயிறு. நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. சாப்பிடும்போது எழுந்து முற்றத்துக்குப் போய்த் திரும்பி வருவான். ஒருநாள் ஒரே வரிசையில் இரண்டு இடத்தில் சாந்து வைக்காமல் கல்லை வைத்துவிட்டான். மேஸ்திரி தடியால் தட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, சுவத்துக்குள்ள யார ஒளிச்சு வைக்கப் போற?" என்றான்.

முழுப் பாட்டாகவே எத்தனையோ கட்டினான். எதுவும் உதவாது. கடைசி அடி எது வரும் என்று தெரியாமல் முன்கூட்டிக் கட்டிக்கொண்டு போவதைப் 'போத்தல் பாட்டு' என்பார்கள். மூடியைத் திறந்து ஊற்றுகிறான் என்று யாராவது மோப்பம் பிடித்துவிட்டால், கடன்காரன் என்ற பெயரைவிடக் கேவலம். அது தெரிந்தும் மனம் கட்டிக்கொண்டே இருந்தது.

எல்லாப் பாட்டும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் போய் முட்டின. எங்கே குத்தினால் ரொசெந்தோவுக்கு ரத்தம் வரும் என்று அவனுக்குத் தெரியும். அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

பணம் கொடுத்த அன்று ரொசெந்தோ தன் பழைய வண்டிக்குள் உட்கார்ந்தபடி ஒரு உறையை நீட்டினான். "ஒப்துலியா திரும்பி வர்றதுக்கு டிக்கெட் எடுக்கச் சேர்த்தது. வெச்சுக்க கொம்பாய். இனிமே வேண்டாம்." ஒப்துலியா அவன் மனைவி. கடல் தாண்டி ஒர்லாண்டோவில் சீக்காளித் தங்கையைப் பார்த்துக்கொள்ளப் போயிருப்பதாக ஊருக்குச் சொல்லியிருந்தான். தங்கைக்கு ஒரு நோயும் இல்லை. போன இடத்தில் அவளுக்கு வேறு ஒருவனோடு வாழ்க்கை அமைந்துவிட்டது. இன்றைக்கும் லுசிலா கடையில் யாராவது கேட்டால், "கிறிஸ்மஸுக்கு வந்துடுவா" என்பான். போன கிறிஸ்மஸுக்கும் அப்படித்தான் சொன்னான். ஆக, ஒரே நாளில் இரண்டு ரகசியத்தைக் கொடுத்திருந்தான், கடன் ஒன்று, ஒப்துலியா ஒன்று. ஒன்றை அவனே ஊருக்குப் போட்டு உடைத்துவிட்டான். மற்றது இன்னும் எலாதியோவிடம் இருந்தது.

இந்த வருஷமும் ராஜாக்கள் திருநாளுக்கு முந்தின மதியம் வந்தது. மினெர்வா விடியுமுன்பே லுசிலா வீட்டுக்குப் போய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டாள். எலாதியோ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டான், கழற்றினான், வேறு போட்டான், மறுபடி அதையே போட்டுக்கொண்டான். மூன்று மர ராஜாக்கள் முன்னால் மெழுகுவர்த்தி எரிந்தது. ஜெயிக்கிறவனுக்குக் கொடுக்கும் சேவலை மேஜைக் காலில் கட்டியிருந்தார்கள். சாமிப் பாட்டு முடிகிறவரை அதுவும் பொறுமையாகத்தான் இருந்தது. ரொசெந்தோ எதிர்ப்பக்கம் நின்று தொப்பியின் விளிம்பைத் திருகிக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். சட்டையின் மேல் பித்தான் நூலில் தொங்கியது.

லுசிலா தொப்பிக்குள் கைவிட்டாள். காகிதத்தைத் தூரப் பிடித்துப் படித்தாள்.

"மலைமேல் தெரியுது வீடு."

குவாத்ரோக்காரர் தன் சின்ன கிட்டாரின் கம்பிகளைத் தட்டி மெட்டைத் தொடங்கினார். இந்த முறையும் எலாதியோதான் முதலில். வீடு. காடு, ஓடு, பாடு, கேடு, கூடு. கல் சரியாகக் கைக்கு வரும் நாட்களில் வருவது போல வந்துகொண்டே இருந்தன. ஒரு வருஷம் தலைக்குள் நிற்காமல் ஓடிய மெஷின் சட்டென்று பல்லில் பல் விழுந்து சுழன்றது. அவன் கையைக் காதருகே வைத்துக்கொண்டு தொடங்கினான்.

கல்லைச் சுமந்தது தோள்,
சிமெண்டு தின்றது கை,
காலியாய்த் தொங்குது பை,
கழிந்தன எத்தனை நாள்,
இருந்தும் நானொரு ஆள்,

"அப்படிப் போடு!" என்று யாரோ கத்தினார்கள். மினெர்வா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். அவன் ஆறாவதைப் பாடினான்.

பறவைக்கும் உண்டொரு கூடு,

பாடி முடிக்கும் முன்பே ஏழாவது வந்துவிட்டது. தேடவில்லை, கூப்பிடவில்லை. முழுசாக, மட்டம் பார்த்து வைத்த கல் மாதிரி வந்து உட்கார்ந்தது. 'பெட்டை பறந்தால் அது காடு.'

இதைவிட நல்ல அடி அவனுக்கு வாழ்நாளில் வந்ததில்லை. பாடினால் கொட்டகை ஒரு நொடி அமைதியாகும். பிறகு எல்லாத் தலையும் ரொசெந்தோ பக்கம் திரும்பும். அவன் முகத்தைப் பார்த்ததும் ஊருக்கு மிச்சமும் புரிந்துபோகும். அறுநூறு என்ற பெயர் அந்த இடத்திலேயே செத்து, இன்னொரு பெயர் பிறக்கும். எலாதியோவின் நாக்கு, அறுநூறு டாலர் பல்லின் பின்பக்கத்தைத் தொட்டுக்கொண்டு காத்திருந்தது.

அவன் ரொசெந்தோவைப் பார்த்தான். ரொசெந்தோ தொப்பியைத் திருகுவதை நிறுத்தியிருந்தான். முப்பது வருஷமாக எதிரில் நின்று பாடியவன். 'கூடு' என்று ஆறாவது விழுந்தால் ஏழாவது எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியாதா? அந்த அடி அவனுக்கும் கேட்டுவிட்டது. அடிக்கு முதுகைக் கொடுக்கிறவன் மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான்.

குவாத்ரோ ஒரு சுற்றுப் போய்த் திரும்பியது. மூச்சு வாங்க ஒரு சுற்றுக் கொடுப்பார்கள். இரண்டாவது சுற்றுக் கொடுத்தால் அவன் தொலைந்தான் என்று பொருள். இரண்டாவது சுற்றும் போனது. எலாதியோ வேறு சொல் தேடினான். காடு, ஓடு, பாடு, இப்போதுதான் கைநிறைய இருந்தன, எல்லாம் எங்கே போயின? அந்த ஒரு அடி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. மற்ற எதையும் உள்ளே விடவில்லை. அது போகவேண்டுமானால் வாய் வழியாகத்தான் போகும்.

அவன் பாடினான். ஜோடி இல்லாமல், பேசுவது போல.

எனக்கந்த வார்த்தை வேண்டாம்.

அதோடு நிறுத்திவிட்டான். எட்டாவது இல்லை, ஒன்பதாவது இல்லை. வீடு மலைமேலேயே நின்றுவிட்டது. குவாத்ரோக்காரர் கம்பிமேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினார்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "என்ன அறுநூறு, ஜோடியையும் கடனா வாங்கவேண்டியதுதானே!"

சிரிப்பு கொட்டகை முழுக்க உருண்டது. எலாதியோவுக்குக் காது எரிந்தது. அவன் மினெர்வாவைப் பார்க்கவில்லை. அவள் கரண்டி சட்டி விளிம்பில் ஒரு முறை 'டங்'கென்று மோதியது மட்டும் கேட்டது. பாடி முடிக்காதவன் தோற்றவன். அடுத்தவன் நின்றுகொண்டே தூங்கினாலும் சேவல் அவனுக்குத்தான்.

ரொசெந்தோ முன்னால் வந்தான். தொப்பியைத் தலையில் வைத்தான், பிறகு எடுத்துவிட்டான். குவாத்ரோக்காரரிடம், "போன வருஷ மெட்டு, போன வருஷ அடி" என்றான்.

"ஏய், அடி 'வீடு'ன்னு முடியுதுப்பா," என்றாள் லுசிலா. "பழசெல்லாம் எடுக்கக்கூடாது."

"சேவலை நீயே வெச்சுக்க லுசிலா."

பாடத் தொடங்கினான். குரல் முதல் இரண்டு அடியில் பிசிறியது. இந்த வருஷத்து மழை, சரிந்த மலைப்பாதை, வாழைக்கு வந்த நஷ்டம் என்று ஏதேதோ பாடினான். ஜோடிகள் சுமாராகத்தான் இருந்தன. எலாதியோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் காது தன் வேலையைச் செய்தது. ஐந்தாவது முடிந்தது. ஆறாவது வந்தபோது அவன் தலை தானாக நிமிர்ந்தது.

மழைவந்து கழுவியது சேறு,
வந்து சேர்ந்தது அறுநூறு,

யாரும் சிரிக்கவில்லை. மினெர்வா கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். ரொசெந்தோ இங்கேயே முடித்துவிடலாம். எட்டுக்கும் ஒன்பதுக்கும் எதையாவது போட்டு நிரப்பி, பத்தாவதில் கைதட்டு வாங்கிவிடலாம். அவனுக்குத் தெரியாதது இல்லை. குவாத்ரோ ஒரு சுற்றுப் போய்த் திரும்பியது. ரொசெந்தோ எலாதியோவைப் பார்த்துக்கொண்டே பாடினான்.

போனவள் வரமாட்டாள் இனி,
பொங்குவேன் எனக்கு நான் தனி,
உழைத்தவன் கையில் சோறு.

கம்பி நின்றது. யாராவது கைதட்டுவார்களா என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். லுசிலா மெதுவாகச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். ஒரு கிழவர் தொப்பியை எடுத்து மடிமீது வைத்தார். சேவல் மட்டும், தன் வழக்கு இன்னும் தீரவில்லை என்பது போல, மேஜைக் காலைச் சுற்றிச் சுற்றி வந்து கயிற்றில் சிக்கிக்கொண்டது.

அதற்குப் பிறகு நாற்காலிகளை இழுக்கும் சத்தம், தட்டுகளின் சத்தம். வரிசை சட்டியை நோக்கி நகர்ந்தது. ரொசெந்தோ வரிசையில் சேரவில்லை. தூணருகே நின்று, தொங்கிக்கொண்டிருந்த பித்தானைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டான். "கொம்பாய்," என்றான் எலாதியோ. ஒரு வருஷத்தில் முதல் முறையாக அவன் தலைக்குள் ஒரு சொல்லும் ஓடவில்லை.

"அந்த ஏழாவது," என்றான் ரொசெந்தோ தணிந்த குரலில். "காடுதானே?"

"ம்."

"நல்ல அடி, நாசமாப் போனவனே."

சட்டியின் அடியில் கரண்டி உராய்ந்தது. மினெர்வா குனிந்து, முழுப் பலத்தோடு அடிச்சோற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பழுப்பேறி முறுகிய அந்த அடிச்சோற்றுக்கு எப்போதும் சண்டை நடக்கும். முன்னால் நின்றவர்கள் தட்டை நீட்டினார்கள். அவள் யாரையும் கவனிக்கவில்லை. பெரிய வில்லை ஒன்றைப் பெயர்த்து ஒரு தட்டில் வைத்துக்கொண்டு, கூட்டத்தைத் தோளால் விலக்கியபடி தூணருகே வந்தாள். ரொசெந்தோவின் கையில் அதைத் திணித்தாள்.

அவன் தட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"எண்ண வேண்டாம்," என்றாள் மினெர்வா. திரும்பிப் போய்விட்டாள்.

ரொசெந்தோ வில்லையை இரண்டாக உடைத்தான். அது ஓடு உடைவது போலச் சத்தம் போட்டது. பாதியை எலாதியோவிடம் கொடுத்தான். கட்டின பல்லுக்கு அது ஆகாது. பல் வைத்தியர் முதல் நாளே சொல்லியிருந்தார். எலாதியோ கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, அறுநூறு டாலர் பல் வரிசையைக் கழற்றி வெள்ளைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அடிச்சோற்றை ஈறால் அழுத்தி ஊறவைத்து, மெதுவாகச் சவைக்கத் தொடங்கினான்.